வண்டி நிற்கும் இடம்

பிக்கப் டிரக்கின் முதுகில் சிறு அறை ஒன்றை ஏற்றிக்கொண்டு அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வாரக்கணக்கில் சுற்றித் திரும்புகிறவர்கள் எழுதுவதையெல்லாம் வரிசையாகப் படித்தால், எங்கே தொடங்கினாலும் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து சேர்வது தெரியும். வாழ்வதற்கு இவ்வளவு கொஞ்சம் போதுமா என்கிற வியப்பு அது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பரணில் படுக்கை. நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே இருக்கும் மேசையின் காலை மடக்கி இறக்கினால் அதுவே இன்னொரு கட்டில். அலமாரிக் கதவு ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி. போட மறந்தால் முதல் வளைவிலேயே தட்டுகள் தரைக்கு வந்துவிடும். குளிர்கால இரவுகளில் இரண்டு பேரின் மூச்சு அலுமினியச் சன்னல் சட்டத்தில் நீராகத் திரண்டு, விடிவதற்குள் வழிந்து மெத்தையின் ஓரத்தை நனைத்திருக்கும். கை கழுவும்போதுகூடத் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்பது நினைவில் ஓடும். இப்படி ஒரு மாதம் வாழ்ந்தவருக்கு மூன்று படுக்கையறை வீடு அநாவசியமாகத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. போதுமென்ற மனத்தைப் பற்றிக் கேட்டே வளர்ந்த நமக்கு அந்த வியப்பு எளிதில் விளங்கும். அது உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனாலும் அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் ஏதோ நெருடுகிறது. கொஞ்சம் என்று அவர்கள் எண்ணிக் காட்டும் பட்டியலில் கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கம்பளி இருக்கிறது. வண்டி நின்ற நிலம் இல்லை.

நிலம் சும்மா கிடைப்பதாகத் தோன்றுவதால்தான் பட்டியலில் ஏறுவதில்லை. தொட்டியில் இருக்கும் தண்ணீரோ ஏதோ ஓர் ஊரின் குழாயில் பிடித்தது. கழிப்பறைத் தொட்டி சில நாட்களில் நிரம்பும். அதைக் காலி செய்யத் தடித்த குழாயை மாட்டி, அடைப்பானை இழுத்துத் திறக்க வேண்டும். அதற்கு ஒரு சிமெண்டுத் தளமும், தளத்தின் நடுவே மூடி போட்ட ஒரு துளையும், துளைக்கு அடியில் யாரோ செலவழித்துக் கட்டிய கழிவுநீர்த் தொட்டியும் வேண்டும். வீட்டில் இருப்பவருக்கு இந்த இணைப்புகளெல்லாம் சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைந்திருக்கின்றன. வண்டிக்காரர் அவற்றைத் தன் கையால் மாட்டிக் கழற்றுகிறார். துளையைச் சுற்றிச் சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார். ஊரையும் அரசையும் தான் எவ்வளவு சார்ந்திருக்கிறோம் என்பது மற்ற எவரைவிடவும் அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் அவர் எழுதும் பாடம் தற்சார்பைப் பற்றியதாக இருக்கிறது. ஒருவருக்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்பதைவிட, அந்தக் கொஞ்சம் போதுவதற்கு மற்றவர்கள் எவ்வளவு தந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இத்தகைய பயணம் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தந்தவற்றில் முதன்மையானது, நள்ளிரவில் யாரும் சன்னலைத் தட்டி எழுப்பாமல் ஓர் இரவு நின்றுகொள்ள உரிமை.

இந்த வகை எழுத்தின் மூத்த புத்தகம் என்று ஜான் ஸ்டைன்பெக்கின் 'டிராவல்ஸ் வித் சார்லி'யைச் சொல்லலாம். 1960 செப்டம்பரில், ஐம்பத்தெட்டு வயதில், சார்லி என்ற பூடில் நாயுடன் நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பரிலிருந்து அவர் புறப்பட்டார். முக்கால் டன் ஜிஎம்சி பிக்கப். அதன் மேல் சொல்லிச் செய்வித்த கூடு. அகலக் கட்டில், நாலு பர்னர் அடுப்பு, குளிர்பெட்டி, சூடேற்றி, ரசாயனக் கழிப்பறை எல்லாம் உள்ளே. டான் குவிக்ஸாட்டின் குதிரையின் பெயரை அதற்கு வைத்தார். ஏறக்குறைய பதினாறாயிரம் கிலோமீட்டர். அந்தப் பயணத்தில் துணி துவைக்க அவர் கண்டுபிடித்த வழி எல்லோருக்கும் பிடித்த பகுதி: மூடி போட்ட ஒரு வாளியில் அழுக்குத் துணியும் சோப்பும் வெந்நீரும் போட்டு, ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டால், மேடு பள்ளமான சாலையே நாள் முழுக்கக் குலுக்கித் துவைத்துவிடும். எளிமையின் மகிழ்ச்சியை இவ்வளவு கைக்கு அருகில் காட்டிய இடங்கள் குறைவு. பல இரவுகளை அவர் ஓட்டல்களிலும் நண்பர்கள் வீடுகளிலும் கழித்தார் என்றும், உரையாடல்கள் பலவும் கற்பனையாக இருக்கலாம் என்றும் அவர் தடத்தில் பின்னாளில் போய்ப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சர்ச்சை எனக்கு முக்கியமாகப் படவில்லை. அவர் எத்தனை இரவு வண்டியில் தூங்கினார் என்பதைவிட, தூங்கிய இரவுகளில் யாரும் அவரை விரட்டவில்லை என்பதே என் கவனத்தை இழுக்கிறது. தனியார் நிலத்தில் நின்றால் அனுமதி கேட்டார், கிடைத்தது. ஒரு காப்பியோ கொஞ்சம் மதுவோ அந்நியனை விருந்தாளியாக்கிவிடும் என்ற தெம்பு அவருக்கு இருந்தது. துப்பாக்கியும் தூண்டில்களும் கண்ணில் படும்படி எடுத்துப்போனார். வேட்டைக்கோ மீன் பிடிக்கவோ போகிறவர் எங்கே போகிறார் என்று யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். நிற்பதற்கு ஒரு காரணம் காட்டவேண்டியிருக்கும் என்பதை உணர்ந்துதான் புறப்பட்டிருக்கிறார்.

அதே மனிதர் இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன்பு இன்னொரு டிரக்கை எழுதியிருந்தார். 'கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில் ஜோட் குடும்பம் ஹட்சன் கார் ஒன்றைப் பாதியாக அறுத்துப் பின்னால் பலகைத்தட்டு பொருத்திய வண்டியில் ஒக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. கிழவர், கிழவி, கர்ப்பிணி, குழந்தைகள், மெத்தைகள், உப்பிட்ட பன்றி இறைச்சிப் பீப்பாய் எல்லாம் அந்தத் தட்டின் மேல். இரவில் சாலையோரம் கூடாரம் அடிப்பது, தணலில் சமைப்பது, நீரோடை தேடுவது, டயரைத் தட்டிப் பார்ப்பது என்று செயல்களை மட்டும் பட்டியலிட்டால் 1960இன் பயணத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பொருட்களைக் கணக்கிட்டால் ஜோட் குடும்பம்தான் கொஞ்சத்தில் வாழ்ந்தது. அவர்களுக்கு அதில் எந்தப் பாடமும் கிடைக்கவில்லை. நிறுத்திய இடத்திலெல்லாம் போலீஸ்காரன் வந்தான். இதில் நாவலாசிரியரின் மிகை ஏதும் இல்லை. 1936இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் தன் ஆட்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் மாநில எல்லைகளுக்கே அனுப்பி, கையில் காசில்லாமல் வந்த வண்டிகளைத் திருப்பியனுப்பினார். ஏழையை மாநிலத்துக்குள் கூட்டிவருவதே குற்றம் என்றிருந்த கலிஃபோர்னியச் சட்டம் 1941இல்தான் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. அந்த வழக்கில் குற்றவாளியாக நின்றவர் செய்ததெல்லாம் டெக்ஸஸிலிருந்து தன் மைத்துனரைக் காரில் ஏற்றிவந்ததுதான்.

அந்த நாவலில் மனம் ஆறும் பகுதி ஒன்றே ஒன்று இருக்கிறது. அரசாங்க முகாமுக்குள் அவர்களுடைய வண்டி நுழையும் இடம். ஆர்வின் அருகே வீட்பேட்ச் முகாமில் நிர்வாகியாக இருந்த டாம் காலின்ஸிடமிருந்து ஸ்டைன்பெக் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றிலிருந்து பிறந்த பகுதி அது. நாவலின் காணிக்கையிலும் அவர் பெயருக்கு இடம் உண்டு. அங்கே குடும்பத்தின் இரண்டு சின்னப் பிள்ளைகளும் கழிப்பறைக்குள் நுழைந்து, வெள்ளைப் பீங்கானைத் தொட்டுப் பார்த்து, எதையோ இழுக்கத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்ததும், உடைத்துவிட்டோம் என்று பயந்துபோகிறார்கள். வெந்நீர் வரும் குழாய், துணி துவைக்கும் தொட்டி, முகாம்வாசிகளே தேர்ந்தெடுத்த குழு, வாரண்ட் இல்லாமல் உள்ளே வரமுடியாத போலீஸ். அந்தக் குடும்பத்தின் உடைமைகளில் அன்று ஒரு சட்டிகூடக் கூடவில்லை. அதே கிழிந்த மெத்தை, அதே வண்டி. ஆனாலும் தாய் முதன்முறையாகத் தலையை வாரிக்கொண்டு மனுஷியாக உணர்கிறாள். வண்டியில் வாழ்வது எப்போது வாழ்க்கையாகிறது, எப்போது அலைச்சலாகிறது என்பதை 1939இலேயே அவர் இவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்கிறார் என்பதால்தான் பின்னாளைய பயண நூலில் அந்தக் கேள்வி ஒதுங்கிப்போனது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அங்கேயும் ஒரு தருணம் வருகிறது. மெய்ன் மாநிலத்தில் உருளைக்கிழங்கு அறுவடைக்காகக் கனடாவிலிருந்து எல்லை தாண்டி வந்த கூலிக் குடும்பம் ஒன்று, ஏரிக்கரையில் அவர் வண்டிக்குப் பக்கத்திலேயே முகாமிட்டிருக்கிறது. நாயைத் தூது விடுகிறார். அவர்களை உள்ளே அழைத்து நல்ல பிராந்தி ஊற்றுகிறார். அன்பும் மரியாதையும் நிறைந்த பக்கங்கள். இரண்டு முகாம்களுக்கும் ஒரே ஏரி, ஒரே குளிர். அவர்கள் ஏன் அங்கே நிற்க அனுமதிக்கப்பட்டார்கள், கிழங்கு முடிந்த மறுநாள் அந்தக் கரையில் நின்றிருக்க முடியுமா என்று கேட்கும் தூரத்தில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

விருப்பத்தோடு எளிமையை ஏற்பதும் வறுமையால் எளிமைக்குள் தள்ளப்படுவதும் ஒன்றாகுமா, இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, இதை அவசரமாகத் தள்ளிவிட முடியாது. விரும்பி ஏற்கும் எல்லைகள் மனிதனை மாற்றுகின்றன. உண்ணாநோன்பிருப்பவரும் பட்டினி கிடப்பவரும் ஒரே அனுபவத்தை அடைவதில்லை. அந்த வேறுபாட்டை நானும் ஒப்புக்கொள்கிறேன். கேள்வி அதற்கு அடுத்தது: விருப்பம் என்கிற அந்த ஒன்றை எது சாத்தியமாக்குகிறது? நம் மரபு இதில் தெளிவாகவே இருந்திருக்கிறது. வள்ளுவர் துறந்தவருக்கும் வறியவருக்கும் துணை இல்வாழ்வான்தான் என்று இருவரையும் ஒரே குறளில் வைக்கிறார். காடேகியவனுக்கும் ஊரில் யாரோ உலை வைக்க வேண்டும் என்பதை மறைக்காத பார்வை அது. டிரக் பயணத்தின் எளிமை இந்தத் துணையைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிடுகிறது. 1915 முதல் 1924 வரை ஹென்றி ஃபோர்டும் தாமஸ் எடிசனும் டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோனும் பல முறை கார்களில் கிளம்பிக் கூடாரமிட்டார்கள். தொடக்க ஆண்டுகளில் இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸும் உடனிருந்தார். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் நாடோடிகள். பின்னால் ஒரு சமையல் டிரக் வந்தது, அதில் அடுப்பும் பனிக்கட்டிப் பெட்டியும் சமையற்காரரும். சாப்பாட்டு மேசையின் நடுவட்டம் சுழலும். இருந்த இடத்திலிருந்தே எல்லோரும் பரிமாறிக்கொள்ளலாம். அவர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மரத்தடியில் தூங்க ஆசைப்பட்டது குற்றமா என்ன? ஆனால் அதே ஆண்டுகளில், தங்கவும் பிழைக்கவும் வழி தெரியாமல் ஊருக்குள் சுற்றுபவரைப் பிடித்து உள்ளே தள்ளும் சட்டங்கள் நாடெங்கும் நடப்பில் இருந்தன. அவை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது 1972இல். விருப்பம் என்று நாம் சொல்வதில் பாதி, இந்தச் சட்டங்கள் தன்மேல் பாயாது என்ற நிச்சயம்.

ஸ்டைன்பெக் பயணம் போன அதே ஆண்டில் காரில் தூங்கிய இன்னொரு கூட்டம் இருந்தது. கறுப்பினக் குடும்பங்கள் தெற்கே உறவினரைப் பார்க்கப் போகும்போது, வழியில் பெரும்பாலான மோட்டல்களில் அறை கிடைக்காது என்பதால், வறுத்த கோழியைக் கட்டி எடுத்துக்கொண்டு, சிறுநீர் கழிக்க ஒரு தகரக் குவளையையும் வைத்துக்கொண்டு, சாலையோரத்தில் காரிலேயே கண்ணயர்ந்தன. நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936இல் தொடங்கிய 'கிரீன் புக்' முப்பதாண்டுக் காலம் விற்றது, எந்த ஊரில் எந்த வாசலில் நின்றால் விரட்டமாட்டார்கள் என்ற விவரத்துக்காக மட்டுமே. தேசியப் பூங்காக்களின் முகாம்களும் முன்பு இதற்கு விலக்காக இருக்கவில்லை. வர்ஜீனியாவின் ஷெனந்தோவா பூங்காவில் கறுப்பர்களுக்கென்று லூயிஸ் மலையில் ஒரு தனி முகாம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1950வாக்கில்தான் அந்தப் பிரிவினை முழுதாக நீங்கியது. அந்தப் பயணிகளுக்கு வண்டிக்குள் சுருண்டு படுத்த இரவு எதைக் கற்றுக்கொடுத்திருக்கும்? விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு, ஒவ்வொரு முகப்பு வெளிச்சமும் கடந்துபோகும் வரை மூச்சடக்கிக் கிடந்தவர்கள் அவர்கள். வானத்தில் நட்சத்திரங்கள் அவர்களுக்கும் அத்தனை இருந்தன.

இன்றைய சட்டங்களில் இனம் எழுதப்படவில்லை, காலக்கெடு எழுதப்பட்டிருக்கிறது. மேற்கு மாநிலங்களில் சுமார் 24.5 கோடி ஏக்கரை மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம் வைத்திருக்கிறது. அதில் பெரும்பகுதியில் யாரும் கட்டணமில்லாமல் வண்டியை நிறுத்தித் தங்கலாம். பொதுவான விதிப்படி 28 நாள் காலத்துக்குள் 14 நாள். பிறகு நகர வேண்டும். உலகில் இவ்வளவு பெரிய கொடை அபூர்வம், இதை நன்றியோடுதான் சொல்ல வேண்டும். விடுமுறையில் வந்தவருக்குப் பதினான்கு நாள் தாராளம். அப்படி ஒரு விதி இருப்பதே அவர் கண்ணில் படாமல் போகலாம். திரும்ப வீடில்லாதவருக்கு அது முடிவில்லாத நாட்காட்டி. விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாலைநிலத்தின் மேல்தோலாக நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து கட்டிய கறுத்த பொருக்கு ஒன்று உண்டு. கையால் தொட்டால் உலர்ந்த அப்பம்போல் நொறுங்கும். அதுதான் மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்துவைக்கிறது. ஒரு டயர் ஏறி இறங்கினால் பழையபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். வண்டிகள் மாதக்கணக்கில் நின்றால் நிலம் செத்துப்போகும் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே பணியகம்தான் அரிசோனாவின் குவார்ட்ஸைட் அருகே 1983 முதல் நீண்டகாலத் தங்கலுக்கென்று இடங்களை ஒதுக்கியிருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை முழுப் பருவமும் தங்க நெடுங்காலம் வாங்கிய கட்டணம் 180 டாலர். லா போசாவில் தண்ணீர்க் குழாய் உண்டு, கழிவுத்தொட்டியைக் காலி செய்யும் இடம் உண்டு, குப்பைத் தொட்டி உண்டு. குளிர்காலத்துக்காக வடக்கிலிருந்து வரும் ஓய்வுபெற்றவர்களுக்காக அதைச் செய்ய முடிந்திருக்கிறது. ஏழு மாதம் வண்டிகள் நிற்கலாம், அதற்குத் தக்க ஏற்பாடு இருந்தால் நிலமும் தாங்கும் என்பதற்கு அந்த இடமே சான்று. நிலத்தைக் காப்பதும் மனிதர் தங்குவதும் எதிரெதிர் என்று வைத்துக்கொண்டால், இயற்கை என்பது மனிதர் வந்துவிட்டுப் போகும் இடம் மட்டுமே என்றாகிவிடும். 1964ஆம் ஆண்டின் வனவெளிச் சட்டம் அந்த நினைப்பின் மேல்தான் எழுந்தது. யோசமிட்டிப் பள்ளத்தாக்கில் பூர்வகுடிகள் தலைமுறைகளாக வாழ்ந்த ஊரின் கடைசி வீடுகள் 1969இல் அழிக்கப்பட்டதற்கும் அந்த நினைப்புக்கும் உறவு இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

நகரத்துக்குள் வந்தால் நாள்கூட இல்லை. ஆரிகன் மாநிலத்தின் சிறு நகரமான கிராண்ட்ஸ் பாஸின் விதிகள், பொது இடத்தில் தற்காலிகமாக வாழ்வதற்காகப் படுக்கை விரித்திருந்தாலோ அடுப்பு வைத்திருந்தாலோ அதைக் கேம்பிங் என்று கணக்கில் எடுத்தன. கூடாரம் வேண்டியதில்லை, வண்டிக்குள் இருந்தாலும் சரி. முதல் அபராதம் 295 டாலர். கட்டாவிட்டால் 537.60. திரும்பத் திரும்பப் பிடிபட்டால் பூங்காவுக்குள் நுழையத் தடை, மீறினால் சிறை. தங்க வேறு இடமே இல்லாதவரைத் தூங்கியதற்காகத் தண்டிப்பது கொடுமை என்று கீழமை நீதிமன்றங்கள் சொன்னதை, 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தள்ளிவிட்டது. ஒரு கம்பளி, ஒரு அடுப்பு. எளிமையைக் கற்றுத்தந்ததாகப் பயணிகள் எழுதும் அதே இரண்டு பொருட்கள் இங்கே குற்றத்தின் அடையாளங்களாகிவிட்டன. எதிர்த்திசையிலும் ஒரு தீர்ப்பு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சியாட்டிலில் தன் ஜிஎம்சி பிக்கப்பில் வாழ்ந்துவந்த ஒரு கூலித் தொழிலாளியின் வண்டியை, 72 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றதென்று நகராட்சி 2016இல் இழுத்துப்போனது. வண்டி பழுது, நகர்த்தும் நிலையில் இல்லை. அவருடைய தொழிற்கருவிகளும் அதோடு போயின. 2021இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், அந்த டிரக் அவருடைய வீடு, வீட்டுக்குரிய சட்டப் பாதுகாப்பு அதற்கும் உண்டு, அவர் தலையில் கட்டிய இழுவைச் செலவு அவர் நிலைக்கு மீறிய தண்டனை என்று தீர்ப்பளித்தது. டிரக்கை வீடு என்று சொன்ன எத்தனையோ பயணப் பக்கங்களைவிட அந்தத் தீர்ப்பு எனக்கு அர்த்தமுள்ளதாகத் தோன்றுகிறது. என்றாலும் அது வண்டிக்குத்தான் பாதுகாப்பு தந்தது. வண்டி எங்கே நிற்கும் என்பதற்கு அதிலும் விடை இல்லை.

சரக்கு லாரி ஓட்டுநர்களின் நிலையில் இந்த முரண் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. அமெரிக்க விதிப்படி அவர்கள் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. பிறகு தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு. நிறுத்தியே தீர வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது, நிறுத்த இடம் போதவில்லை. 2009இல் சரக்கு இறக்க வேண்டிய இடத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்ட ஓர் ஓட்டுநர், காத்திருக்க வேறு இடம் இல்லாமல் தெற்கு கரோலினாவில் மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார். அங்கே கொள்ளையனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவியின் விடாமுயற்சியால் 2012இல் வந்தது, அவர் பெயரையே தாங்கிய ஜேசன் சட்டம். லாரிகள் நிற்க இடம் அமைப்பதை அரசின் பொறுப்பாக்கும் முயற்சி. நெடுந்தூர லாரி ஓட்டுநர்களின் கேபினிலும் கட்டில் உண்டு. வாரக்கணக்கில் அதிலேயே தூங்கி, ஸ்பிரிட் அடுப்பிலோ மின்சாரப் பாத்திரத்திலோ சமைத்துச் சாப்பிடும் இவர்களிடம் போதுமான வாழ்வு பற்றி யாரும் பாடம் கேட்டதில்லை. கேட்டால் அவர்கள் முதலில் பேசுவது, மாலை ஐந்து மணிக்குள் இடம் பிடிப்பதைப் பற்றியாகத்தான் இருக்கும்.

இங்கே எனக்கு எளிதில் விடை சொல்ல முடியாத ஒரு மறுப்பு இருக்கிறது. வண்டியில் வாழும் பலர், தங்களைப் பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டுவதை வெறுக்கிறார்கள். ஜெஸிகா புருடர் 2017இல் எழுதிய 'நோமாட்லேண்ட்' நூலிலும், குளோயி ஜாவோ அதைத் தழுவி எடுத்த, 2021இல் ஆஸ்கர் வென்ற படத்திலும் வரும் முதியவர்கள் பலர் 2008 பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்தவர்கள். வாடகை என்ற சுமையை உதறிவிட்டதில் ஒரு நிமிர்வு இருக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது, அது ஏமாற்று என்று சொல்ல நான் யார்? கொஞ்சம் போதும் என்ற பாடத்தை அவர்கள் விடுமுறைப் பயணியைவிட ஆழமாகவே கற்றிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. அவர்கள் ஒன்றுகூடும்போது பேசுவதில் பெரும்பகுதி எங்கே நிறுத்தலாம், எந்தத் தெருவில் வெளிச்சம் தெரியாமல் திரைபோட வேண்டும், எந்த வால்மார்ட் வளாகம் இன்னும் இராத்தங்க விடுகிறது, எந்தக் கிளை நிறுத்திவிட்டது என்பதுதான். அவர்களில் பலர் கோடையில் செய்யும் வேலை தேசிய வன முகாம்களில் முகாம் காப்பாளர் வேலை. வண்டியை முகாம் வாசலில் நிறுத்திக்கொண்டு, கட்டணம் வாங்கி, தணல் குழிகளின் சாம்பலை அள்ளி, குழிக் கழிப்பறைகளைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அடுத்த வளைவில், ஏறக்குறைய அதே மாதிரி வண்டியில், இரண்டு வாரம் வந்தவர் காலைக் காப்பியோடு உட்கார்ந்து எவ்வளவு கொஞ்சம் போதும் என்று வியக்கிறார். அந்த வியப்புக்குத் தேவையான சுத்தமான கழிப்பறையை அன்று விடிகாலையில் கழுவியவர், அதே பாடத்தை எழுபது வயதில், கூலிக்கு, ரப்பர் கையுறையோடு படித்துக்கொண்டிருப்பவர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கையசைத்திருக்கவும் கூடும்.

அப்படியானால் பயணிகள் குற்ற உணர்வோடு வீட்டிலேயே இருக்க வேண்டுமா? அதை நான் கேட்கவில்லை. அதனால் யாருக்கும் ஓர் அடி நிலம் கூடப்போவதில்லை. அவர்கள் பார்த்துவந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று மட்டுமே கேட்கத் தோன்றுகிறது. தண்ணீர்க் குழாயும், கழிவைக் கவிழ்க்கும் துளையும், பூட்டாத கழிப்பறையும், பெயர் கேட்காத நிலமும் இருக்கும் இடத்தில் மனிதனுக்குக் கொஞ்சம் போதும் என்பதை நேரில் கண்ட சாட்சிகள் அவர்கள். ஊர்க் கூட்டங்களில் வண்டியில் வாழ்பவர்களுக்கு இடம் ஒதுக்கும் பேச்சு வரும்போது, அழுக்கு சேரும், அபாயம் வரும் என்று எழும் எதிர்ப்புக்கு, இவர்களைவிட அனுபவத்தோடு பதில் சொல்லக்கூடியவர்கள் யார்? கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் 2004இல் தொடங்கிய பாதுகாப்பான நிறுத்துமிடத் திட்டம், பகலில் அலுவலகங்களுக்கும் தேவாலயங்களுக்கும் பயன்படும் வாகன வளாகங்களை இரவில் காரில் தூங்குவோருக்குத் திறந்துவிடுகிறது. பிறகு மேற்குக் கரை நகரங்கள் பலவற்றுக்கும் அந்த யோசனை பரவியது. மாலையில் வந்து, காலையில் போய்விட வேண்டும். ஒரு நடமாடும் கழிப்பறை இருக்கும். சில இடங்களில் காவலாளியும் உண்டு. பெரிய செலவில்லாத, நல்ல ஏற்பாடு. இன்னும் எத்தனையோ ஊர்களில் வர வேண்டியது. அதிலும் பல இடங்களில் சேர்வதற்கு ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, ஓடும் நிலையில் உள்ள வண்டி ஆகியவை கேட்கப்படுகின்றன. சியாட்டில் தொழிலாளியின் பழுதான பிக்கப்புக்கு அங்கே இடம் கிடைத்திருக்காது.